ஸ்டெப்னி சொன்ன பொய்

ஒரு வேலை தவறு என்று செய்தவருக்கு மட்டும் தெரிகிறது. செய்யச் சொன்னவருக்குத் திருப்தி, பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. அப்படியானால் அது தவறுதானா? சாய்வு நாற்காலியும் ஓய்வும் உள்ளவர்கள் இந்தக் கேள்வியை நாள் முழுவதும் பேசலாம். டயர்க்கடைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய அக்கா அந்தக் கேள்வியை அவன் கடை நடுவில், வாடிக்கையாளர் பார்க்க, ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

அக்காவுக்குத் தெருவில் 'மாட்டேன்' என்று பெயர். வைத்தவர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். "மாட்டேன் வந்தாச்சா?" என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் காற்று மெஷினைப் போடுவார். அது முதல் தடவை அவள் காதில் விழுந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை.

"பாதியில நிறுத்தறீங்களே. செய்ய மாட்டேனா, விட மாட்டேனா? எது?"

பஞ்சர்க்காரர் பல்லில் கடித்திருந்த வால்வு ஊசியை விழுங்கப் பார்த்தார்.

இரண்டும்தான் என்று தம்பிக்குத் தெரியும். பள்ளி முடிந்த கையோடு அவள் அலுமினியப் பாத்திர ஆலையில் சேர்ந்தாள். பாலீஷ் முடிந்து வரும் பாத்திரங்களை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, குறையுள்ளதை ஒதுக்கிவைக்கும் வேலை. மற்றவர்கள் ஒதுக்கியது குவியல் என்றால் இவள் ஒதுக்கியது குன்று. மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

"யாரும்மா அடிப்பக்கத்தத் திருப்பிப் பாக்கப்போறாங்க? அடுப்புல வச்சதும் கரி பிடிக்கப்போகுது."

"கரி பிடிக்கறது அவங்க பாடு சார். கீறலோட அனுப்பறது என் பாடு."

அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே பெட்டிகளை ஒதுக்கத் தொடங்கினாள். சில வருடம் கழித்து ஆலையை மூடினார்கள். அதற்குக் காரணம் அக்கா இல்லை என்று தம்பி இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை சாதுவானவர். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. ரேடியோவுக்கு உறை, நாற்காலிக்கு உறை, தலையணை உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேலே இன்னோர் உறை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். ஒருநாள் மதியம் அக்கா பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் நின்றாள். அம்மா பதறிப்போனாள்.

"என்னடி ஆச்சு அங்க?"

"ஒண்ணும் ஆகலம்மா. இனிமேலும் ஒண்ணும் ஆகாது. அதான் வந்துட்டேன்."

திரும்பிப் போகச் சொல்லிப் பெரியப்பா, சித்தி, மாமா என்று வரிசையாக வந்து பேசினார்கள். வந்த எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். யாருக்கும் பதில் கொடுக்கவில்லை.

தம்பி டயர்க்கடை போட்டபோது கணக்கு வழக்கு பார்க்க அவளைக் கூப்பிட்டான். பார்த்தாள். கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கிய ஓர் அறை உண்டு. மேலே உயரத்தில் ஒரு ஜன்னல். அதன் வெளிச்சம் காலையில் ஒரு சுவரிலும் மாலையில் எதிர்ச்சுவரிலும் விழும். ஒருமுறை யாரோ பழைய காரின் அலாய் வீல் ஒன்றைக் கொண்டுவந்தார். நடைபாதை ஓரத்தில் உரசி விளிம்பெல்லாம் பல் விழுந்திருந்தது. தம்பி கிரைண்டரை எடுத்தான். அக்கா கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"டேய், அத வை."

"ஒரு தேய் தேய்ச்சு சில்வர் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்க்கா."

"புதுசு மாதிரி ஆயிடும். புதுசுல இது எப்படி இருந்துச்சு, அத யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அவள் அந்தச் சக்கரத்தைப் பின்னறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். அதன்பிறகு கணக்கு மேசைக்குத் திரும்பவே இல்லை.

மற்ற பட்டறைகளில் பழைய சக்கரம் வந்தால் மணலைப் பீய்ச்சியடித்து மேல்தோலை உரித்துவிடுவார்கள். பிறகு கண்ணாடி மாதிரி பளபளப்போ, தங்க நிறமோ, கறுப்போ, கேட்டதை அடித்துக் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் அதில் முகம் பார்த்துத் தலைவாரிச் சிரிப்பார். அக்காவின் வழி வேறு. ஆலையை விட்டு வெளியே வந்த அன்று அந்தச் சக்கரத்தின் மேல் என்ன இருந்ததோ, அதுதான் அவளுக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வெயில் படாத இடங்களைத் தேடுவாள். பேலன்ஸுக்கு ஒட்டிய ஈயத்துண்டின் அடியில், நட்டு உட்காரும் குழியில், நடுமூடிக்குப் பின்னால். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் ஓரிடத்தை மட்டும் வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். கறுப்புக்குள் தங்கம், தங்கத்துக்குள் சாம்பல், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கண் மாதிரி பழைய நிறம். பிறகு பெயின்டைக் கரைக்கும் ஜெல்லியைத் தடவி, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, அந்தக் கண் வரைக்கும் போய் நிற்பாள். அதற்குக் கீழே ஒரு மயிரிழை போகமாட்டாள்.

பெரும்பாலான நேரம் அந்தப் பழைய நிறம் மங்கலாகத்தான் இருக்கும். அதில் அழகு ஒன்றும் கூடுதலாகக் கிடையாது என்று தம்பி நினைத்தான். அவன் நினைத்ததில் தப்பு இருப்பதாகவும் சொல்ல முடியாது. ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் "அப்படியே கொஞ்சம் பளபளன்னு" என்று இழுப்பார்கள்.

"மாட்டேன்."

"கறுப்பா அடிச்சா கம்பீரமா இருக்கும்ல?"

"கம்பீரம் வேணும்னா மீசை வச்சுக்குங்க. சக்கரம் எதுக்கு?"

போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள். அப்படித்தான் பல வருடம் ஓடியது.

பிறகு தெருவில் ஓடும் கார்களின் சக்கரமெல்லாம் ஒவ்வொன்றாகக் கறுப்பாக மாறத் தொடங்கின. கறுப்புத் தூளைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் வேலை. சுட்டால் கல் பட்டாலும் போகாது. அடுத்த தெருக் கடைக்காரர் அடுப்பு வைத்துவிட்டார். தம்பியும் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை வீட்டில் சாப்பிடும்போது மெதுவாக எடுத்தான்.

"அக்கா, அடுப்பு ஒண்ணு வருது. வைக்கறதுக்கு இடம் உன் ரூம்தான்."

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் எங்க போறது?"

"முன்னாடி வா. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, பில்லு போடு."

"நாற்காலிக்கு உறை இருக்கா?"

தம்பியின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஆர்டர் குடுத்திருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெருவுக்கே தெரியும். பேரே அதான்."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "அந்த ரூம்ல அடுப்பு வந்தா நான் வேல செய்ய முடியாது. சூடு, தூசி, ரெண்டும் மேல பூசற லாக்கர் பூச்சுக்கு எமன். ரூம் போனா என் வேல போச்சு. புரிஞ்சுதான் பேசறியா?"

தம்பி சங்கடப்பட்டான். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, துரத்தவும் மனமில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் செய்வதையே அவனும் செய்தான். முடிவை மூன்றாம் ஆள் தலையில் கட்டினான்.

"சரி, ஒரு பேச்சு. பல் டாக்டர் காரு வந்திருக்குல்ல? பழைய கார்க்காரங்க சங்கத்துல அவர் சொன்னாதான் எல்லாரும் கேப்பாங்க. அவர் வாயால 'நல்லா இருக்கு'ன்னு வரட்டும், அடுப்பு வேண்டாம்னு சொல்லிடறேன். ரூம் உனக்கு. அவர் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனா ரூம் எனக்கு."

"பேச்சு மாறமாட்டியே?"

"நீ மாத்தாம இரு, போதும்."

பல் டாக்டரின் கார் ஆண்டுக்கொருமுறை நடக்கும் பழைய கார் போட்டிக்குப் போகவேண்டியது. உடம்பெல்லாம் சரியாகிவிட்டது, சக்கரம்தான் பாக்கி. முன்பு வைத்திருந்தவர் யாரோ நான்கையும் நன்றாகத் தேய்த்து, பூச்சுமாவு வைத்து நிரவி, வெள்ளிக்கு மேல் வெள்ளியாக அடித்திருந்தார். மூன்றில் நடுமூடியே இல்லை. குழிக்குள்ளேயும் பெயின்ட் அடித்திருந்தது. நான்காவதில் மூடி இருந்தது, ஆனால் துருப்பிடித்து இறுகிவிட்டது. நெம்பினால் உடையும்.

கவலைப்படக் காரணமில்லை என்றுதான் தோன்றியது. டிக்கியைத் திறந்தபோது உள்ளே ஸ்டெப்னி இருந்தது. தம்பி அதைத் தூக்கி வெளியே வைத்துத் தடவிப் பார்த்தான். டயரின் மேல் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. அந்தச் சக்கரம் ஒருநாளும் ரோட்டைப் பார்த்ததில்லை, வெயிலைப் பார்த்ததில்லை. சாம்பல் கலந்த வெள்ளி நிறம், முகம் முழுவதும் ஒரே சீராக.

அக்கா மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள் என்றார் பஞ்சர்க்காரர்.

"இதுக்கு மேல சாட்சி வேணுமாடா?" என்றாள் தம்பியிடம். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதியை அவன் கேட்டதில்லை.

நான்கு சக்கரங்களையும் ஸ்டெப்னியின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். இறுகிய மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதைத் தொடாமலே வேலை செய்தாள். மாட்டி முடித்ததும் பல் டாக்டர் காரை மூன்று தடவை சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நாலும் ஸ்டெப்னியும் அண்ணன் தம்பிங்க மாதிரி இருக்கு."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா பின்னறை ஜன்னலைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே அவன் அடுப்புக்காரரைக் கூப்பிட்டு, இப்போதைக்கு அனுப்பவேண்டாம் என்றான். சொன்ன பிறகு அவனுக்கும் லேசாகத்தான் இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். போட்டிக்குச் சில நாள் முன்பு டாக்டர் மறுபடி வந்தார். எங்கிருந்தோ புது நடுமூடிகள் ஒரு செட் கிடைத்துவிட்டதாம். மூன்றும் சட்டென்று உட்கார்ந்தன. நான்காவதில் பழைய மூடியை எடுத்தாக வேண்டும். டாக்டர் போன் பேசிக்கொண்டே வெளியே போனார். தம்பி ஹீட் கன்னால் சூடு காட்ட, அக்கா மெல்ல நெம்பினாள். மூடி இரண்டாக உடைந்து கையோடு வந்தது.

அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருந்தது. யாரும் தேய்க்காத, யாரும் பெயின்ட் அடிக்காத வட்டம். மஞ்சளேறிய லாக்கர் பூச்சுக்குள் வெறும் உலோகம். அதில் இசைத்தட்டின் மேல் இருப்பதுபோல் நெருக்கமாக ஓடும் கோடுகள். லேத்தில் கடைந்த கோடுகள்.

தம்பிக்குக்கூடப் புரிந்துவிட்டது. ரோட்டில் ஓடும் நான்கு சக்கரங்களின் முகத்தையும் ஆலையில் கடைந்து, வெறும் உலோகத்தின் மேல் நிறமில்லாத லாக்கர் மட்டும் பூசியிருக்கிறார்கள். டிக்கிக்குள் கிடக்கப்போகும் ஐந்தாவதுக்கு அந்தப் பாடு எதற்கு என்று வெள்ளிப் பெயின்டை அடித்து அனுப்பிவிட்டார்கள். முன்பு வைத்திருந்தவர் கோடுகளைத் தேய்த்து மாவு பூசி மறைத்துவிட்டார். ரோட்டையே பார்க்காத ஸ்டெப்னியை நம்பி, ரோட்டில் ஓடிய நாலுக்கும் அதன் வேஷத்தைப் போட்டுவிட்டாள் அக்கா.

தம்பி வெளியே எட்டிப் பார்த்தான். டாக்டர் இன்னும் போனில் இருந்தார். புது மூடியை எடுத்து டக்கென்று அழுத்தினான். வட்டம் மறைந்தது.

"முடிஞ்சுது. வா."

அக்கா விரலை விட்டு மூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். அவர் பாக்கல."

"நான் பாத்துட்டேன்."

"ஒரு ஈ காக்காக்குத் தெரியாது!"

"ஈக்கும் காக்காக்குமா வேல செய்யறேன்?"

டாக்டர் உள்ளே வந்தார். அக்கா வட்டத்தைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நாலு சக்கரத்தையும் கழற்றிக்கொடுத்தால் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சிரித்தார்.

"பரவால்லம்மா. எனக்கு இப்படியே புடிச்சிருக்கு."

"உங்களுக்குப் புடிச்சிருக்கு சார். ஆனா தப்பா இருக்கு."

"யாருக்குத் தப்பு? காரு என்னுது."

"சொத்தைப் பல்லுக்கு மேல வெள்ளை பூசி அனுப்புவீங்களா?"

"பூசியிருக்கேனே. நிறைய பேர் அதத்தான் கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே போறாங்க."

டாக்டர் பொய் சொல்லவில்லை, கெட்டவரும் இல்லை. மூடியைத் தானே அழுத்தி மாட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அக்கா பின்னறைக்குள் போகவில்லை. தம்பியின் வேன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க?"

"பல் ஆஸ்பத்திரி."

"பல்லு வலிக்குதா?"

"உனக்கு வலிக்கப்போகுது. ஓட்டு."

போகிற வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்தான். அவர் திருப்தியாகிவிட்டார், பேச்சுப்படி ரூம் உனக்கு, சும்மா இருந்தாலே போதும், சும்மா இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்றுச் சத்தத்தில் அவன் பேச்சு பாதி கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரியில் மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் பழைய வாரப்பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். முறை வந்ததும் உள்ளே போய் அந்தச் சாயும் நாற்காலியில் ஏறிப் படுத்தாள். டாக்டர் முகமூடியைச் சரிசெய்துகொண்டே திரும்பினார்.

"வாயத் திறங்க... நீங்களா?"

"நான்தான். சக்கரத்தக் குடுங்க."

"போட்டி முடிஞ்சதும் எடுத்துக்குங்கம்மா. இப்ப எந்திரிங்க."

"போட்டிக்கு அப்புறம் செஞ்சா அது வேல இல்ல சார், பரிகாரம்."

"வெளிய வலியோட உக்காந்திருக்காங்க!"

"எனக்கும் வலிதான். இங்கயே இருக்கேன்."

வாசலில் நின்ற தம்பிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கன்னம் வீங்கிய ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னும் புடுங்கலயா சார்?" என்று கேட்டார். "இவங்கதான் என்னைப் புடுங்கறாங்க" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கார் சாவியைத் தம்பி கையில் திணித்தார்.

"கொண்டுபோங்க. போட்டிக்கு முன்னாடி மாட்டிடணும். ஆனா ஒண்ணு. இதோட உங்க கடைப்பக்கம் நான் வரமாட்டேன். சங்கத்துல கேட்டா யாரையும் வரச்சொல்லவும் மாட்டேன். நல்லா இருந்ததக் கெடுக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

நாற்காலியிலிருந்து அக்கா பொறுமையாக இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

டாக்டர் வீட்டில் காரைத் தாங்குகட்டைகளில் நிறுத்திவிட்டு, சக்கரங்களை வேனில் ஏற்றினார்கள். தம்பி வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"ரூம் போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"நீ என்ன, தெரியாம செஞ்சேன்னு நெனச்சியா? வண்டிய எடு, ஜெல்லி வாங்கணும்."

தன் கையால் அடித்த நிறத்தைத் தன் கையாலேயே கரைத்தாள். மாவையெல்லாம் சுரண்டி எடுத்தாள். கோடுகள் தேய்ந்துபோயிருந்தன, மறுபடி கடையத்தான் வேண்டும். லேத் பட்டறைக்காரர் முதல் சக்கரத்தைக் கண்ணாடி மாதிரி கடைந்து பெருமையாக நீட்டினார். அக்கா அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"கோடு இன்னும் தடிமனா வேணும்."

"தடிமனா வெட்டுனா கரடுமுரடா இருக்கும்மா. பாக்கறவன் என்னைக் கேவலமா நெனப்பான்."

"ஆலையில அத வெட்டுனவர் ஒருத்தர் இருந்தாரே, அவர் வெக்கப்படலயே."

தம்பி இதிலெல்லாம் கலந்துகொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தான். ஆனால் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டும், விளக்கைச் சாய்த்துப் பிடிக்க ஆள் வேண்டும். பிடித்தான். சாய்ந்த வெளிச்சத்தில் கோடுகள் வட்டத்துக்குள்ளிருந்து வெளியே கிளம்பி, ஓரிடத்திலும் முறியாமல் விளிம்புவரை ஓடுவதைப் பார்த்தான். விளக்கைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மெல்லிய லாக்கர் பூசி, மாட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் வெளியே வரவில்லை. வேலைக்காரரை அனுப்பிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

போட்டி முடிந்த மறுநாள் டாக்டரே கடைக்கு வந்தார். வரமாட்டேன் என்றவர் வந்திருக்கிறார் என்றதும் பஞ்சர்க்காரர் காற்று மெஷினை நிறுத்திவிட்டார். அக்கா பின்னறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"எங்க அவங்க? சக்கரத்துல குறை சொல்லிட்டாங்க. நடுவருங்க டிக்கியத் திறந்து ஸ்டெப்னியப் பாத்துட்டு, நாலும் இதோட ஒத்துப்போகல, ஒரிஜினல் இல்லன்னு தள்ளிட்டாங்க. முதல்ல இருந்த மாதிரி விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்!"

தம்பி கையிலிருந்த நெம்புகோலைக் கீழே வைத்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

"ஸ்டெப்னியப் பாத்து ஏமாந்தாங்களா? எங்க அக்காவும் ஏமாந்தாங்க சார். ஒரு தடவதான்."

"அப்ப நடுவருங்க முட்டாளுங்களா?"

"அத நான் சொல்லல. அந்த மூடியக் கழட்டிப் பாக்கச் சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப எதுக்கு இங்க வந்து கத்தறீங்க? தோத்தது உங்க காரு. எங்க வேல தோக்கல. வேணும்னா வெள்ளி அடிச்சுக்குங்க, அடுத்த தெருவுல அடிப்பாங்க. இங்க மாட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. பஞ்சர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் போனார். டாக்டர் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். பிறகு போய்விட்டார். அந்தச் சக்கரங்களை அவர் அப்படியே விட்டாரா, வெள்ளி அடித்தாரா என்று யாருக்கும் தெரியாது.

தம்பி பின்னறை வாசலில் போய் நின்றான். அக்கா ஒரு பழைய விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

"அந்தப் பேச்சு கெடக்குது, விடு. அடுப்பே வேண்டாம்னு முழுசாச் சொல்லிடறேன். ரூம் உனக்குத்தான். எப்பவும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிடப் போ, அவ காத்துக்கிட்டிருப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டொரு நாளில், காலையில் கடை திறக்கும்போது வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. அதில் கயிறு போட்டுக் கட்டிய அடுப்பு. தம்பி ஓடிப்போய், தான் வேண்டாம் என்று சொன்னதை அடுப்புக்காரருக்கு ஞாபகப்படுத்தினான்.

"நீங்க சொன்னீங்க சார். அப்புறம் உங்க அக்கா கூப்பிட்டு, இன்னிக்கே கொண்டுவந்து இறக்குங்கன்னுட்டாங்க. ரூம் தயாரா இருக்குன்னாங்க."

பின்னறையைத் திறந்து பார்த்தான். பெருக்கித் துடைத்திருந்தது. தண்ணீர் டிரம்கள் இல்லை, விளக்கு இல்லை, ஜெல்லி டப்பாக்கள் இல்லை. அடுப்புக்கு மின்சாரம் வரவேண்டிய மூலையில் சுவரைக்கூடச் சுத்தம் செய்துவைத்திருந்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடிகார ரிப்பேர் கடை இருந்து காலியான ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்து, ஒரு சக்கரத்தை மடியில் சாய்த்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியமும் வழக்கம்போல ரோட்டைக் கடந்து வந்து தம்பியோடு சாப்பிட்டாள். அடுப்பு நன்றாகச் சுடுகிறதா என்று கேட்டாள். ஏன் போனாள் என்று தம்பி கேட்டான், அவன் மனைவி கேட்டாள், பஞ்சர்க்காரர் ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டார். குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாளே தவிர, அவள் யாருக்கும் சொல்லவில்லை.